வாசகர் கேள்வி – பதில்: தொடர் முடிந்த பிறகும் தொடரும் கதை

கேள்வி: வசந்தம் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு குடும்பத் தொடரின் கதாபாத்திரங்களை வைத்துச் சிறுகதை எழுத முயல்கிறேன். பெயர்கள் மட்டும்தான் ஒத்திருக்கின்றன, ஆட்கள் வேறாகிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: குறை பெரும்பாலும் பேச்சில்தான் இருக்கும். ஓர் அத்தியாயத்தைத் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். அந்த மாமியார் கோபம் வந்தால் குரலை உயர்த்துகிறாரா, அல்லது "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாரா என்பதைக் குறித்துக்கொண்டால், நீங்கள் அவரை எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் நிறுத்தினாலும் அவர் அவராகவே இருப்பார். கதைக்கு, தொடர் காட்டாமல் தாண்டிப்போன ஒரு பொழுதைத் தேர்ந்தெடுங்கள். சண்டைக்குப் பின் மகன் கடைசி எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பிய அரைமணி நேரம் போதும். எல்லாரையும் விஞ்சும் புதிய நாயகி ஒருத்தியை நுழைக்கும் ஆசை வரும் (எனக்கும் வந்ததுண்டு). அவள் வந்துவிட்டால் பழையவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். 1967இல் 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 'ஸ்பாகனேலியா' என்ற சிற்றிதழை அச்சிட்ட காலத்திலிருந்தே இவ்வகை எழுத்து பெரும்பாலும் ஆர்வத்துக்காக எழுதப்படுவது. விற்கவோ போட்டிக்கு அனுப்பவோ எண்ணினால், தொடரின் உரிமையாளரிடம் முதலில் அனுமதி கேட்டு எழுதுங்கள்.