மிளகாய்ச் செடிக்கும் கொரோனா கிட் மாதிரி சோதனை உண்டா?

வியாசர்பாடி மொட்டை மாடியில் மிளகாய் இலை சுருண்டுவிட்டது, வைரஸா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில வைரஸ்களுக்கு முடியும். கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே தத்துவம்தான். இலைத் துண்டைக் கரைசலில் நசுக்கி, அதில் சோதனைப் பட்டையின் (கிட்டில் வரும் மெல்லிய கீற்று) நுனியை நனைக்க வேண்டும். சாறு மேலே ஏறும்போது, நுண்ணிய தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட வைரஸை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம்) வைரஸின் புரத உறையைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் இரண்டு கோடு விழுந்தால் வைரஸ் இருக்கிறது. கோடே விழாவிட்டால் பட்டை வீண்.

சிக்கல் என்னவென்றால், ஒரு பட்டை பெரும்பாலும் ஒரு வைரஸைத்தான் தேடும். வெள்ளரி மொசைக் வைரஸுக்கான பட்டை, வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸைக் கண்டுகொள்ளாது. அதற்கு வைரஸின் டிஎன்ஏவைப் பார்க்கும் பிசிஆர் சோதனைதான் நம்பகம். அதேபோல் டிஎன்ஏவைத் தேடும் லேம்ப் என்றொரு முறையும் உண்டு, அது சுமார் 65 டிகிரி ஒரே சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால் மிளகாயில் பல நேரம் குற்றவாளி வைரஸே இல்லை. இலைப்பேன் என்றால் இலை மேல்நோக்கிச் சுருளும், சிலந்திப்பேன் என்றால் கீழ்நோக்கி. காசு செலவழிக்கும் முன் பூதக்கண்ணாடியால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அப்புறம், வைரஸ்தான் என்று உறுதியானால் மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிவிடுங்கள். வெள்ளை ஈக்குப் பக்கத்து மாடி தூரமில்லை.