பேஸ்மேக்கர் பேட்டரியை மாற்றும்போது பழைய லீடுகளையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. இதயத்தில் மின்சமிக்ஞை முற்றிலும் தடைப்பட்டதால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். இப்போது பேட்டரி தீரப்போகிறது. பேட்டரி உள்ள பெட்டியை மட்டும் மாற்றினால் போதும், அதிலிருந்து இதயத்துக்குள் செல்லும் மின்கம்பிகளான லீடுகள் அப்படியே இருக்கட்டும் என்கிறார் மருத்துவர். இத்தனை ஆண்டுப் பழைய லீடுகளை நம்பலாமா?

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வதுதான் வழக்கமான நடைமுறை. லீடுகளின் அளவீடுகள் இதுவரை சீராக இருந்திருந்தால், வயதை மட்டும் காரணம் காட்டி அவற்றை மாற்ற வேண்டியதில்லை.

பேஸ்மேக்கர் அமைப்பில் பழுதாகும் வாய்ப்பு லீடுகளுக்குத்தான் அதிகம் என்பதால், உங்கள் அச்சம் ஆதாரமற்றதன்று. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால், இதயத்துக்குள் இருக்கும் லீட் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 68 லட்சம் முறை வளைந்து நிமிர்கிறது. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே அது நசுங்கினால், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் முறியலாம். மேலே போர்த்திய சிலிக்கோன் உறை உராய்வினால் தேயலாம். பாலியூரித்தேன் உறைகளில் சில பழைய வகைகள் உடலுக்குள் வெடிப்பு கண்டதும் உண்டு. ஆயினும் பெரும்பாலான லீடுகள் பத்தாண்டுகளைத் தாண்டியும் நன்றாகவே இயங்குகின்றன.

பழுது தொடங்கினால் பெரும்பாலும் மின்தடை அளவே அதைக் காட்டிக்கொடுக்கும். கம்பி முறிந்தால் மின்தடை திடீரென உயரும். உறை கிழிந்தால் தாழும். லீடின் வகைக்கேற்ப இந்த அளவு மாறுபடுவதால், ஒருநாள் எடுத்த எண்ணைவிடக் கடந்த சில ஆண்டுகளில் அது எப்படி மாறி வந்திருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவைப்படும் மின்னழுத்தமும், இதயத்தின் சொந்தச் சமிக்ஞையை லீட் உணரும் திறனும் அதே பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நன்றாக இயங்கும் லீடை எடுப்பதில்தான் ஆபத்து அதிகம். ஆண்டுகள் செல்லச் செல்ல அதைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து, இரத்தக்குழாயின் சுவரோடும் இதயத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. லேசர் குழல்களின் உதவியோடு பிரித்தெடுக்கும்போதும் இரத்தக்குழாயோ இதயமோ கிழியும் அபாயம் சிறிதளவு உண்டு. டெலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் அக்குஃபிக்ஸ் லீடில் உள்ளிருந்த சிறு கம்பி முறிந்து வெளியே நீட்டியதால் 1994-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தக் குறையுள்ள லீடைக்கூட, கண்காணிப்பில் விட்டுவைப்பதைவிட அகற்றுவதே பலருக்குக் கூடுதல் ஆபத்தாக இருந்தது. பழையதை எடுக்காமல் புதிய லீடைச் சேர்ப்பதும் எளிதன்று. 2010-இல் வெளியான ரீப்ளேஸ் ஆய்வில், பெட்டியை மட்டும் மாற்றியவர்களில் 4 சதவீதத்தினருக்கும், திட்டமிட்டு லீடும் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கும் ஆறு மாதங்களுக்குள் பெரிய சிக்கல்கள் ஏற்பட்டன (அந்த ஆய்வில், ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் டிஃபிபிரிலேட்டர் கருவி பொருத்தியவர்களும் இருந்தனர்).

தொற்று ஏற்பட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும். பெட்டி உள்ள இடம் சிவந்து, வீங்கி, சீழ் கசிந்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தாலோ, லீடுகளையும் சேர்த்தே அகற்ற வேண்டிவரலாம். மருந்து மட்டும் போதாது.

உங்கள் தாயாருக்கு இதயத்தின் மின்சமிக்ஞை முற்றிலும் தடைப்பட்டிருந்ததால், அவருடைய இதயம் பெரும்பாலும் பேஸ்மேக்கரையே நம்பியிருக்கக்கூடும். ஆகவே லீடுகளின் மாதிரி எண்களைக் கண்டறிந்து, அவற்றுக்கு எச்சரிக்கை அறிவிப்பு ஏதேனும் உள்ளதா என்பதையும், இதுவரையான அளவீட்டுப் பதிவுகளையும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி இருக்கும் இடத்தைத் திறந்தபின் ஒவ்வொரு லீடையும் நேரடியாகச் சோதித்த பிறகே புதிய பெட்டியோடு இணைப்பார்கள். இடைப்பட்ட நாட்களில் தலைச்சுற்றலோ மயக்கமோ வந்தால், குறித்த தேதிவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.