பாட்டு பாதியில் நிற்கும்போது அப்டேட் பட்டன் பக்கம் போகாதீர்கள்

கேள்வி: சாலிகிராமத்தில் வீட்டு மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டர், கியூபேஸ் என்ற இசை சாஃப்ட்வேர். குறும்படங்களுக்குப் பின்னணி இசை, பக்தி ஆல்பம் என்று பிழைப்பு ஓடுகிறது. போன வாரம், அதற்குள் புல்லாங்குழல் ஒலியைத் தரும் ஒரு பிளக்-இன்னை (கூடுதல் சாஃப்ட்வேர்) அப்டேட் செய்தேன். அதற்குப் பிறகு, பாதி முடிந்திருந்த பாட்டைத் திறந்தால், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாருவெல்லாம் சப்பென்று இருக்கிறது. ஸ்வரம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை. கம்பெனிக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. நம் மெயிலை யாராவது படிக்கிறார்களா? ஏழு தட்டு மிஸ்ர சாபுக்கு ஒழுங்கான தாளக் கிளிக், ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்கு வசதி என்று கேட்க நினைத்ததும் நிறைய இருக்கிறது. கேட்டால் கிடைக்குமா? கியூபேஸ் வேறு, புது வெர்ஷன் வந்துவிட்டது என்று தினமும் நச்சரிக்கிறது. போடலாமா?

பதில்: முதலில் குழலைக் கவனிப்போம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சாம்பிள் கெட்டுப்போகவில்லை. பிட்ச் பெண்ட் எல்லை, அதாவது ஸ்வரம் அதிகபட்சம் எவ்வளவு வளையலாம் என்ற அளவு, மாறியிருக்க வேண்டும்.

கீபோர்டின் சக்கரத்தை நீங்கள் உருட்டும்போது மிடியில் (வாசிப்பை எண்களாகக் குறித்து வைக்கும் முறை) பதிவாவது வெறும் எண்தான். மேலும் கீழுமாக மொத்தம் 16,384 படிகள். அந்தப் படிகள் எத்தனை அரை ஸ்வரத்துக்கு (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) சமம் என்று மிடிக்குத் தெரியாது. அதை முடிவு செய்வது ஒலியைத் தரும் பிளக்-இன். பல பிளக்-இன்களில் தொடக்க அளவு மேலே 2, கீழே 2 அரை ஸ்வரம். நம் ஊர் மியூசிக் புரோகிராமர்கள் ஜாருவுக்காக அதை 12 என்று மாற்றி வைத்துக்கொண்டுதான் வாசிப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்திருப்பீர்கள். அப்டேட் அந்த 12-ஐத் திரும்ப 2 ஆக்கியிருந்தால், சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து சுத்த மத்யமத்துக்கு ஏறிய ஜாரு, அதாவது 3 அரை ஸ்வரம், இப்போது அரை ஸ்வரத்தில் பாதியோடு நின்றுவிடும். ‘சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை’ என்று நீங்கள் எழுதியது இதோடு அப்படியே பொருந்துகிறது. பிளக்-இன் செட்டிங்கில் பெண்ட் எல்லையைத் திரும்ப 12 வைத்து வாசித்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் உடனே அந்த டிராக்கை ‘ரெண்டர் இன் பிளேஸ்’ கொடுத்து ஆடியோவாக்கிவிடுங்கள். சரியாகவில்லை என்றால் கம்பெனி தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்ப் பழைய வெர்ஷன் இன்ஸ்டாலர் இருக்கிறதா என்று தேடுங்கள். பல கம்பெனிகள் அதை அங்கேயே வைத்திருப்பார்கள்.

உங்கள் மெயிலைப் படிக்கிறார்களா என்றால், படிக்கிறார்கள். ஆனால் ‘அப்டேட் போட்டதும் குழல் நாசமாகிவிட்டது, உடனே சரி செய்யவும்’ என்று எழுதினால் அதை வைத்து அங்கே இருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. அந்தக் கோளாறு அவருடைய கம்ப்யூட்டரிலும் வந்தால்தான் அவர் அதை சாஃப்ட்வேர் எழுதுபவரிடம் எடுத்துப்போக முடியும். அவர் மேஜையில் அது வரும்படி எழுதுவதுதான் உங்கள் வேலை. உங்கள் கடிதம் இப்படி இருந்திருக்கலாம்:

“விண்டோஸ் 11, கியூபேஸ் இன்ன வெர்ஷன், உங்கள் பிளக்-இன் இன்ன வெர்ஷனிலிருந்து இன்ன வெர்ஷனுக்கு மாறினேன். பழைய வெர்ஷனில் பெண்ட் எல்லையை 12 என்று வைத்து ப்ராஜெக்டை சேவ் செய்தேன். புதிய வெர்ஷனில் அதே ப்ராஜெக்டைத் திறந்தால் எல்லை 2 என்று காட்டுகிறது. 12 அப்படியே இருந்திருக்க வேண்டும். புதிதாக ஒரு காலி ப்ராஜெக்டிலும் செய்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் இப்படியே ஆகிறது. அந்தக் காலி ப்ராஜெக்டையும், அப்டேட்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த ஆடியோவையும் இணைத்திருக்கிறேன்.”

கோபமும் கெஞ்சலும் இதில் கிடையாது, யாருக்கும் அது தேவையும் இல்லை. என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், இந்த மூன்றும் வந்துவிட்டால் போதும். இங்கிலீஷ் சரளமாக வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். மெயிலைப் படிப்பவருக்கும் அது தாய்மொழியாக இல்லாமல் இருக்கலாம். கியூபேஸ் செய்யும் ஸ்டைன்பெர்க்கே ஜெர்மனியில் ஹாம்பர்க் கம்பெனிதான். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், கூடவே ஸ்கிரீனைப் பதிவு செய்த அரை நிமிட வீடியோ ஒன்றை வையுங்கள். ஒரு மெயிலில் ஒரு கோளாறு மட்டும். ஐந்தைச் சேர்த்து எழுதினால் அதில் சுலபமான ஒன்றுக்குப் பதில் போட்டுவிட்டு உங்கள் புகார் டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.

ஒலி மாறுவதோடு நிற்காமல் சாஃப்ட்வேரே மூடிக்கொண்டால் கதை வேறு. கியூபேஸ் என்றால் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்டைன்பெர்க், அதற்குள் ‘கிராஷ்டம்ப்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த நேரத்துக்கான ஃபைலை இணைத்து அனுப்புங்கள். எந்தப் பிளக்-இன் மேல் பழி என்று தெரியவில்லை என்றால் பாதியை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். கிராஷ் வரவில்லை என்றால் குற்றவாளி எடுத்த பாதியில் இருக்கிறது. அதையும் பாதியாக்குங்கள். 32 பிளக்-இன் இருந்தாலும் ஐந்தாவது முறையில் ஆள் பிடிபட்டுவிடும்.

அடுத்தது உங்கள் ஆசைப் பட்டியல். எழுதுவதற்கு முன் மேனுவலைப் புரட்டுங்கள் என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனால் உங்கள் பட்டியலில் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. கியூபேஸின் மெட்ரோனோம் செட்டப்பில் கிளிக் பேட்டர்ன் இருக்கிறது. 7/8 வைத்து முதல் தட்டுக்கும் நான்காம் தட்டுக்கும் அழுத்தம் கொடுத்தால் ‘தகிட தகதிமி’ காதில் விழும். கமகத்தில் பலர் புலம்பும் ஒரு விஷயமும் இப்படித்தான்: குவாண்டைஸ் செய்தால், அதாவது ஸ்வரங்களைத் தாளக் கணக்கில் சரியாக உட்கார வைத்தால், ஸ்வரம் மட்டும் நகர்ந்து, பெண்ட் வளைவு பழைய இடத்திலேயே நின்றுவிடும். குவாண்டைஸ் பேனலில் ‘மூவ் கன்ட்ரோலர்’ என்ற பட்டன் அதற்காகவே இருக்கிறது. இருப்பதையே கேட்டு எழுதினால் அடுத்த முறை நீங்கள் எழுதுவதை அங்கே பாதிக் கண்ணால்தான் பார்ப்பார்கள்.

இல்லாததைக் கேட்கும்போது பட்டனைக் கேட்காதீர்கள், உங்கள் வேலையைச் சொல்லுங்கள். ‘கமக பட்டன் வேண்டும்’ என்றால் ஹாம்பர்க்கில் இருப்பவருக்கு என்ன புரியும்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு அசைந்து போகும் வளைவை பெண்டில் வரைகிறேன். இரண்டு ஸ்வரங்களுக்கும் இடைவெளி 2 அரை ஸ்வரம். அதே வளைவை 1 அரை ஸ்வர இடைவெளி உள்ள வேறு ராகத்தில் ஒட்டினால், வளைவு அளவு மீறிப் பாய்ந்து அபஸ்வரமாகிறது. ஒவ்வொன்றையும் கையால் குறுக்க வேண்டியிருக்கிறது. இடைவெளிக்குத் தகுந்தபடி வளைவு தானே குறுகினால் நன்றாக இருக்கும்.” கூடவே உண்மையான குழல் வித்வான் வாசித்த பத்து விநாடியை வைத்தால், கர்நாடக சங்கீதமே கேட்டிராதவருக்கும் சிக்கல் புரிந்துவிடும். ராகத்தின் பெயர், லட்சணம், வரலாறு எல்லாம் எழுத ஆரம்பித்தால் விஷயம் அதில் மூழ்கிவிடும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். கியூபேஸ் புரோ திறக்க லைசென்ஸ் இருக்கும் யுஎஸ்பி டாங்கிளைச் செருகியே ஆக வேண்டும் என்ற காலம் நினைவிருக்கும். அந்த டாங்கிளை ஆட்டோவில் விட்டுவிட்டால் அன்றைய வேலை போச்சு. பல வருடம் எல்லாரும் திட்டித் தீர்த்த பிறகு 2022-ல் கியூபேஸ் 12 வந்தபோதுதான் அது ஒழிந்தது. இன்னொரு சாஃப்ட்வேரான புரோ டூல்ஸில் 20 நிமிட ரீலை பவுன்ஸ் செய்ய, அதாவது ஒரே ஆடியோ ஃபைலாக எடுக்க, 20 நிமிடமும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அதைவிட வேகமாகப் பவுன்ஸ் செய்யும் வசதி 2013-ல் 11-ஆம் வெர்ஷனில் வந்தது. எஃப்எல் ஸ்டூடியோவில் தாளத்தை 7/8 போன்ற டைம் சிக்னேச்சராகவே போடும் வசதி 2018-ல் வந்த 20-ஆம் வெர்ஷனில் கிடைத்தது. அதற்கு முன் அதில் சாபு தாளத்தில் பாட்டு போட்டவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

சுருதி விஷயமும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பக்தி ஆல்பம் செய்கிறவருக்கு இது உதவும். தம்பூராவின் நாதத்துக்குள் தானாக எழும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து சுமார் 386 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கீபோர்டில் அதே காந்தாரம் 400 சென்ட். தம்பூராவின் மேல் ‘பேட்’ எனும் மெத்தென்ற கீபோர்டு ஒலியை நீளமாகப் பிடித்தால் அந்த 14 சென்ட் அலை அடித்துக் காதை உறுத்தும். லாஜிக் புரோவில் ப்ராஜெக்ட் முழுவதற்குமான டியூனிங் செட்டிங் ரொம்ப காலமாகவே இருக்கிறது. ஏபிள்டன் லைவ் 2024-ல் 12-ஆம் வெர்ஷனில் டியூனிங் முறைகளையே உள்ளே கொண்டுவந்தது. உங்கள் கோரிக்கையில் ‘இன்ன சாஃப்ட்வேரில் இது இருக்கிறது’ என்று ஒரு வரி சேர்த்தால் கொஞ்சம் வேகம் பிடிக்கும். போட்டிக் கம்பெனியின் பெயரைக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வராது.

இனி அந்த நச்சரிப்பு. கியூபேஸ் வெர்ஷன் எண்ணில் முதல் எண் மாறினால் அது புது வீடு. பின்னால் இருக்கும் சின்ன எண் மட்டும் மாறினால் பழைய வீட்டில் ஓட்டை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஓட்டை அடைக்கும் அப்டேட்டை, அதன் குறிப்பில் உங்கள் கோளாறு சரி செய்யப்பட்டதாகப் போட்டிருந்தால் சீக்கிரமே போடலாம். புது வெர்ஷன் வந்த முதல் வாரத்திலேயே போட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்தத் தயாரிப்பாளரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. இரண்டு மூன்று சின்ன அப்டேட் வரட்டும். ரிலீஸ் குறிப்பில் ‘தெரிந்த பிரச்சினைகள்’ என்ற பகுதியைத்தான் நான் முதலில் படிப்பேன். புதுமைகளின் பட்டியல் விளம்பரத்துக்கு எழுதியது.

எந்த அப்டேட்டாக இருந்தாலும், டைரக்டர் ‘சார், நாளைக்கு ஃபைனல்’ என்று சொன்ன பிறகு கூடாது. கார்த்திகையில், மார்கழிக் கச்சேரிப் பதிவுகள் வரிசை கட்டி நிற்கும்போது கூடாது. விண்டோஸ் அப்டேட்டையும் ஆடியோ இன்டர்ஃபேஸ் டிரைவரையும் கியூபேஸோடு சேர்த்து ஒரே நாளில் போடவும் கூடாது. மூன்றில் எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் ‘எல்லாத்தையும் லேட்டஸ்ட் போட்ருங்க’ என்பார். அவருக்கு நாளைக்கு மிக்ஸிங் இல்லை.

போடுவதற்கு முந்தைய வேலைதான் முக்கியம். கையில் இருக்கும் ஒவ்வொரு பாட்டின் எல்லா டிராக்கையும் பாட்டின் பூஜ்ய விநாடியிலிருந்தே வேவ் ஃபைலாக வெளியே எடுத்து வையுங்கள். படத்துக்கு என்பதால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நான்கு நிமிட ஸ்டீரியோ டிராக் ஒன்று சுமார் 69 எம்பி. நாற்பது டிராக் என்றாலும் 3 ஜிபிக்குள் அடங்கிவிடும். இந்தக் காலத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. பத்து வருடம் கழித்து எந்தப் பிளக்-இன் செத்திருந்தாலும் வேவ் ஃபைல் பாடும். கியூபேஸின் பெரிய வெர்ஷன்கள் பக்கத்து பக்கத்தில் இருக்கும், பழையதை அழிக்கத் தேவையில்லை. புதியதில் திறப்பதற்கு முன் ப்ராஜெக்டை வேறு பெயரில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் சேவ் செய்ததைப் பழையது சரியாகத் திறக்கும் என்று நம்ப வேண்டாம்.

வி.எஸ்.டி 2 என்ற பழைய முறையில் செய்த பிளக்-இன் ஏதாவது பயன்படுத்தினால் அதையும் பாருங்கள். அந்த முறையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக ஸ்டைன்பெர்க் 2022-லேயே சொல்லிவிட்டது. பழைய பாட்டுகள் இன்னும் திறக்கிற இப்போதே, அந்த டிராக்குகளை அடுத்த முறையான வி.எஸ்.டி 3-க்கு மாற்றுங்கள், அல்லது ஆடியோவாக்கி வையுங்கள்.

கிராக் வெர்ஷன் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கோளாறு சாஃப்ட்வேருடையதா, கிராக் செய்தவருடையதா என்று யாருக்குத் தெரியும்? வெளியீட்டுக்கு முந்தைய சோதனையான பீட்டா வெர்ஷனில் சேரலாமா என்று சிலர் கேட்பார்கள். தனியாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் சேருங்கள், உங்கள் சொல் சீக்கிரம் காதில் விழும் இடம் அதுதான். சம்பாதிக்கும் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

மெயிலுக்கு வரும் முதல் பதில் பெரும்பாலும் எழுதி வைத்த வாசகமாக இருக்கும்: ரீஇன்ஸ்டால் செய்யுங்கள், டிரைவரை மாற்றுங்கள். எரிச்சல் படாமல் செய்துவிட்டு, ‘செய்தேன், மாற்றமில்லை’ என்று அதே மெயில் தொடரிலேயே பதில் போடுங்கள். புதிதாக ஒன்று ஆரம்பித்தால் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்த ஒருவர் கைக்குப் போகும், அவர் ப்ராஜெக்டைக் கேட்பார். அப்போது முழுப் பாட்டை அனுப்பிவிடாதீர்கள். வெளிவராத பாட்டு டைரக்டருடையது. குழல் டிராக் மட்டும், கோளாறு தெரியும் ஒரு தாள ஆவர்த்தம் மட்டும் வெட்டி அனுப்புங்கள்.