10 கிலோ பலகைக்கு 20 கிலோ கயிறு ஏன் அறுந்தது?

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதியோரமாகச் சிறிய கடை நடத்துகிறேன். 3 மீற்றர் இடைவெளியுள்ள இரு தூண்களுக்கிடையே நைலோன் கயிற்றை இறுக்கிக் கட்டி, அதன் நடுவில் 10 கிலோகிராம் பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டேன். கயிறு நடுவில் 26 சென்ரிமீற்றர்தான் தாழ்ந்தது. 20 கிலோ தாங்கும் என்று பொதியில் போட்டிருந்த அந்தக் கயிறு இரண்டு நாளில் அறுந்துவிட்டது. ஓர் ஆணியும் உட்புறமாக வளைந்துவிட்டது. பக்கத்துக்கு 5 கிலோதானே வரவேண்டும்? விசைகளின் சமநிலையில் விடை இருப்பதாக உயர்தரம் படிக்கும் மகள் சொல்கிறாள், எனக்கு விளங்கவில்லை.

பதில்: மகள் சொல்வது சரி. பக்கத்துக்கு 5 கிலோ என்ற கணக்கு, இரு கயிறுகளும் நிலைக்குத்தாகத் தொங்கும்போது மட்டுமே பொருந்தும். உங்கள் கயிறோ ஏறக்குறையக் கிடையாகவே இருந்தது.

ஒரு பொருள் அசையாமல் நிற்கிறது என்றால் அதன்மீது விசையே இல்லை என்று கொள்ளக்கூடாது. அதன்மீது தாக்கும் விசைகளின் விளையுள், அதாவது அவை எல்லாம் சேர்ந்து தரும் மொத்த விளைவு, பூச்சியம் என்பதே அர்த்தம். ஆகவே முதலில் ஒரேயொரு பொருளைத் தெரிந்துகொண்டு, அதன்மீது தாக்கும் விசைகளை மட்டும் வரைய வேண்டும். இங்கே அது பலகை: கீழ்நோக்கி அதன் நிறை, ஈர்ப்பு ஆர்முடுகலை (கீழே விழும் பொருளின் வேகம் கூடும் வீதத்தை) செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் என எடுத்தால் 100 நியூற்றன் (நியூற்றன் என்பது விசையின் அலகு), சாய்வாக மேல்நோக்கி இரு பக்கக் கயிறுகளின் இழுவைகள். (நிறைக்கு மறுதாக்கம், அதாவது அதற்குச் சமமான எதிர்விசை, கயிற்றின் இழுவை என்று எழுதும் மாணவர்கள் பலர். பூமி பலகையை இழுப்பதற்கான மறுதாக்கம், பலகை பூமியை இழுப்பதே. அதற்கு இந்தப் படத்தில் இடமில்லை.)

இழுவைகளைத் துணித்து, அதாவது கிடையான கூறு, நிலைக்குத்தான கூறு என இரண்டாகப் பிரித்துப் பார்த்தால், பலகையைத் தாங்குவது நிலைக்குத்துக் கூறு மட்டுமே என்பது தெரியும். பக்கத்துக்கு 50 நியூற்றன் தேவை. ஆனால் கயிறு தன் நீளத்தின் வழியே மட்டுமே இழுக்கக்கூடியது என்பதால், அந்த 50 நியூற்றனை மேல்நோக்கித் தருவதற்கு, சாய்வு குறையக் குறைய, மொத்தமாக மிகப் பெரிய விசையால் இழுக்க வேண்டியிருக்கிறது. சைன், கோசைன் இல்லாமலே இதைக் கணிக்கலாம்: ஒரு பக்கக் கயிற்றின் நீளத்தைத் தாழ்வினால் வகுத்து, 50 ஆல் பெருக்குங்கள். உங்கள் கயிற்றில் ஒரு பக்க நீளம் ஏறத்தாழ 152 சென்ரிமீற்றர், தாழ்வு 26. எனவே இழுவை சுமார் 290 நியூற்றன். பொதியிலிருந்த 20 கிலோ என்பது ஏறத்தாழ 200 நியூற்றன்தான், அதுவும் முடிச்சில்லாத புதுக் கயிற்றுக்கு. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை இன்னும் குறையும். இரண்டு நாள் தாங்கியதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆணி வளைந்ததற்கும் காரணம் இதுவே. இடமும் வலமுமாக உள்ள கிடைக் கூறுகள் பலகையில் ஒன்றையொன்று சமப்படுத்திவிடுவதால் அவற்றை மறந்துவிடுகிறோம். ஆனால் இப்போது பலகையை விட்டு ஆணியைத் தெரிந்துகொண்டால், அதனை உட்புறமாக ஏறத்தாழ 288 நியூற்றன் இழுத்துக்கொண்டிருந்தது தெரியும். அது பலகையின் நிறையைப் போல் கிட்டத்தட்ட மும்மடங்கு. கயிற்றை முற்றிலும் நேராக்கிவிட முயல்வதும் வீண், ஏனெனில் தாழ்வு பூச்சியத்தை நெருங்கும்போது இழுவை எல்லையின்றி ஏறும். நிறையுள்ள எதையும் அப்படிக் கட்ட இயலாது.

இணைந்த கணிதம் படிக்கும் மகள் லாமியின் தேற்றத்தால் (சமநிலையிலுள்ள மூன்று விசைகளை அவற்றுக்கிடையேயான கோணங்களோடு தொடர்புபடுத்தும் விதியால்) செய்தாலும் இதே விடையே வரும். இரு பக்கமும் சமச்சீராக இருப்பதால் துணித்தல்தான் சுருக்கமான வழி.

அடுத்த முறை கயிறு 87 சென்ரிமீற்றர் தாழும்படி விட்டால் இழுவை சுமார் 100 நியூற்றனாகக் குறையும். தலைக்கு மேல் உத்தரம் இருக்குமானால், அதிலிருந்து இரண்டு கம்பிகளை நிலைக்குத்தாக இறக்கிப் பலகையின் இரு முனைகளிலும் பிணைப்பதே சிறந்தது. அப்போதுதான் நீங்கள் நினைத்த பக்கத்துக்கு 5 கிலோ உண்மையாகும். பலகையை நடுவில் அல்லாமல் ஒரு தூணுக்கு அருகே முடிச்சிட்டுக் கட்டினால், அதிகச் சாய்வுள்ள குட்டைப் பக்கமே கூடுதலாக இழுபடும் என்பதால், அந்தப் பக்கத்து முடிச்சையும் ஆணியையும் முதலில் பாருங்கள். மேலே சொன்ன கணக்கெல்லாம் பலகை அசையாமல் தொங்குவதற்கானது; தென்மேற்குப் பருவக்காற்றில் கடற்கரையோரத்தில் பலகை ஆடும்போது இழுவை இதைவிடக் கூடும். ஆகவே கணித்த இழுவையைப் போல் பல மடங்கு தாங்கும் கம்பியையே வாங்குங்கள்.