பச்சைக் குழந்தைக்குப் பாச்சை உருண்டைத் துணி வேண்டாம்

கேள்வி: என் மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஒன்பதாம் மாதம் நடக்கிறது. குழந்தை வரும் வீட்டில் கெமிக்கலே இருக்கக்கூடாது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். ஷாம்பு, டூத்பேஸ்ட், நான்ஸ்டிக் தவா, பிளாஸ்டிக் டப்பா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டு வருகிறேன். பாத்ரூமை மட்டும் வாராவாரம் ப்ளீச்சிங் பவுடர் தூவி, மேலே ஆசிட் ஊற்றித் தேய்க்கிறேன், இருமல்தான் வருகிறது. காற்று திரும்பினால் சிப்காட் தொழிற்பேட்டை வாடை வேறு. குழந்தைக்கு வேண்டிய பழைய வேட்டித் துணிகளைப் பூச்சி அரிக்காமல் பாச்சை உருண்டை போட்டு ட்ரங்க் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் மூத்த மகனுக்குப் பிறந்த நாலாம் நாள் மஞ்சள் காமாலை அதிகமாகி, பாண்டிச்சேரிக்குத் தூக்கிப்போய் ரத்தம் மாற்றினார்கள். பேரக் குழந்தைக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை.
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, முதலில் அந்த ட்ரங்க் பெட்டியைக் குழந்தை படுக்கப்போகும் அறையிலிருந்து வெளியே எடுங்கள். இன்றே எடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் தூக்கிப் போட்ட பொருள்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் கவலை. பாச்சை உருண்டை, சிலர் வீட்டில் அந்துருண்டை என்பார்கள், பெரும்பாலும் நாப்தலின் என்ற ரசாயனம். பெட்டியில் போட்ட உருண்டை சில மாதங்களில் சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போய்விடுகிறதல்லவா? அது உருகி ஓடுவதில்லை. கட்டியாக இருந்தபடியே ஆவியாகி, மூடிய பெட்டிக்குள் இருக்கும் துணியின் இழைகளில் ஏறிவிடுகிறது. அந்தத் துணியில் குழந்தையைச் சுற்றினால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். எண்ணெய் தேய்த்த உடம்பாக இருந்தால் இன்னும் சுலபமாகப் போகும். நம் ஊரில் எண்ணெய் தேய்க்காமல் எந்தப் பாட்டி விடுகிறார்?

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வாசனையால் தலைவலி வரலாம், அவ்வளவுதான். பிறந்த குழந்தைக்கு அப்படியில்லை. ரத்தத்தின் சிவப்பணுக்களைக் காப்பாற்றும் ஜி6பிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட குழந்தையின் உடம்பில் நாப்தலின் போனால் ஓரிரு நாளில் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். உடைந்த அணுக்களிலிருந்து வரும் மஞ்சள் நிறப் பொருள்தான் பிலிருபின். பிறந்த குழந்தையின் கல்லீரல் அதை வெளியேற்ற இன்னும் பழகியிருக்காது. அளவு மீறினால் அது மூளைக்குள் போய்க் காது கேளாமை, கை கால் விறைப்பு என்று வாழ்நாள் முழுவதற்குமான சேதத்தை விட்டுச் செல்லும். அதைத் தடுக்கத்தான் உங்கள் மகனுக்கு அன்று ரத்தம் மாற்றினார்கள்.

உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவனுக்கு அப்படி ஆனதற்கு நாம்தான் காரணமோ என்று இத்தனை வருடமாக மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவனையும் இப்படி உருண்டை போட்ட பெட்டித் துணியில் சுற்றியிருந்தாலும் அது குற்றமில்லை அம்மா. ரத்தம் மாற்றும் அளவுக்குக் காமாலை போவதற்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தப் பிரிவு ஒத்துப்போகாததும் காரணமாக இருந்திருக்கலாம். ஜி6பிடி குறைபாடாகவும் இருந்திருக்கலாம். உங்கள் பெட்டியும் உருண்டையும் அதைத் தூண்டியிருக்கலாம், தூண்டாமலும் இருந்திருக்கலாம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. உங்கள் மகன் இப்போது நன்றாக இருக்கும்போது ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் ஜி6பிடி குறைவா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஏன் மகனுக்குச் சோதனை என்றால், ஆண் பிள்ளைக்கு இந்தக் குறைபாடு தாய் வழியாக வருவது. அவனுக்கு இருந்தால் உங்களிடமிருந்து வந்திருக்கும், உங்கள் மகளும் அதைச் சுமந்துகொண்டிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. சுமப்பவளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். அவள் சுமந்தால், பிறக்கும் ஆண் குழந்தைக்குக் குறைபாடு வர மறுபடியும் இரண்டில் ஒரு வாய்ப்பு. பெண் குழந்தைகளுக்கும் ஓரளவு வரலாம்.

சில வருடங்களுக்கு முன் மழைக்காலத்தில் ஐந்து நாள் குழந்தையை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கால் வரை மஞ்சள், பாலுக்கு எழவில்லை. பாட்டி துணியைப் பிரித்ததும் அறை முழுக்க அந்த உருண்டை வாசனை. காமாலையை இறக்கும் மருத்துவமனை லைட்டில் வைத்தும் இறங்காமல் ரத்தம் மாற்றித்தான் காப்பாற்றினோம். அந்தப் பாட்டி பூச்சிக்குப் பயந்து, பேரப் பிள்ளைக்கு நல்ல துணி வேண்டுமே என்று எடுத்து வைத்தவர். கடற்கரை ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் துணி எப்படிப் பூஞ்சை பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் நம் பக்கத்து வீடுகளில் இந்த உருண்டை இவ்வளவு புழங்குகிறது.

ஆகவே அந்தப் பெட்டித் துணி குழந்தைக்கு வேண்டாம். ஒரு தடவை அலசிக் காயவைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். தினமும் கட்டித் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி வீட்டில் இருக்குமே, அதைக் கிழித்துச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைத்து வையுங்கள். மகள் கட்டும் புடவை, போர்வை, தலையணை உறையும் உருண்டை போட்ட பீரோவிலிருந்து வர வேண்டாம். பெயர் வைக்கும் நாளில் பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு உறவுக்காரர்கள் வருவார்கள், ஆளாளுக்குக் குழந்தையை மடியில் வாங்குவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் பட்டுக்குக் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து வைத்தால் போதும். அந்த வசம்பைக் குழந்தையின் நாக்கில் மட்டும் உரைத்துத் தடவாதீர்கள்.

இனி நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய அறிகுறி ஒன்று. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் இரண்டாம், மூன்றாம் நாளில் லேசாக மஞ்சளிக்கும். முகத்திலும் மார்பிலும் தெரிந்து தானாக இறங்கிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், பிறகு அது உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலும் காத்திருக்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில் உள்ளங்காலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், வெளுத்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று. மஞ்சளோடு சேர்ந்து குழந்தை பாலுக்கு எழாமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் துணியில் டீ டிகாக்‌ஷன் மாதிரிக் கறை வைத்தாலோ, அது நடுராத்திரியாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

அந்த நேரத்தில் கீழாநெல்லிச் சாறு, சர்க்கரைத் தண்ணீர், இளவெயிலில் காட்டுவது, தாய்க்குப் பத்தியம் என்று யார் யோசனை சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். பிறந்த குழந்தையின் வாயில் தாய்ப்பாலைத் தவிர எதுவும் போகக் கூடாது. ஜன்னல் வெயில் மருத்துவமனை லைட்டுக்கு ஈடாகாது. வெயிலில் காட்டி இரண்டு நாளைக் கடத்திவிட்டு வருகிற குழந்தைகளைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வீடியோ போட்டவர் வந்து நிற்கப்போவதில்லை.

உங்கள் பட்டியலில் உடனே நிறுத்த வேண்டியது பாத்ரூம் வேலை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வடிந்த பிறகு நம் பக்கத்தில் பல வீடுகளில் ப்ளீச்சிங் பவுடர் வாங்கி வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதன் மேல் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் முதல் உலகப் போரில் வீரர்கள் மேல் திறந்துவிட்டது இதே வாயுதான். கதவு சாத்திய பாத்ரூமில் குனிந்து தேய்க்கும்போது அது தரையோடு தங்கி நேராக உங்கள் மூச்சுக்குள் போகிறது. 'இருமல்தான்' என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அது நுரையீரல் புண்படுகிற இருமல். சில நேரம் அப்போது ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள், ஒரே நாளில் இரண்டும் வேண்டாம், கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். மகள் அந்தப் பக்கமே வர வேண்டாம். வேலை முடிந்த பிறகும் மூச்சு இறுக்கமாக இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சைக்கிளில் வருபவரிடம் வாங்கிய ஆசிட்டையும் பினாயிலையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் அதையும் இப்போதே அப்புறப்படுத்துங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. உங்கள் ஷாம்புவாலும் டூத்பேஸ்ட்டாலும் பேரக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் காயவிடாமல் இருந்தால் போதும். பிளாஸ்டிக்கில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். கொசுவத்திப் புகைக்கும் சாம்பிராணிப் புகைக்கும் பதிலாகக் கொசுவலை கட்டுங்கள். சளி என்று தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் குழந்தை நெஞ்சில் தடவவே கூடாது, வலிப்பு வரும். கண்ணுக்கு மை வேண்டாம். குழந்தையின் கையில் மருதாணியும் வேண்டாம், ஜி6பிடி குறைவான குழந்தைக்கு அதுவும் சிவப்பணுக்களை உடைக்கும். இந்தக் குறைபாட்டுக்கு அவரைக்காய் ஆகாது என்று எங்காவது படித்தால் விட்டுவிடுங்கள். அங்கே சொல்லப்படுவது வேறு அவரை, நம் வீட்டுப் பந்தலில் காய்ப்பது இல்லை.

சிப்காட் வாடை நியாயமான கவலை. ஆனால் அதை வீட்டுக்குள் பொருள்களைத் தூக்கிப் போட்டுத் தீர்க்க முடியாது. வாடை வரும்போது ஜன்னலைச் சாத்துங்கள். தேதியும் நேரமும் குறித்து வைத்து, தெருவாகச் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

மகனை இந்த வாரமே ஜி6பிடி பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வருவதற்குள் மகளுக்கு வலி எடுத்துவிட்டால் பதற வேண்டாம். அட்மிஷன் போடும்போதே, 'இவள் அண்ணனுக்குப் பிறந்த நாலாம் நாள் ரத்தம் மாற்றினார்கள்' என்று சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்கு பிலிருபின் பார்க்காமல் டிஸ்சார்ஜ் வாங்காதீர்கள்.