பாஷை வராத அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். பதினோரு வருஷமாகியும், ஜெபத்தில் ஆவியானவர் பேசவைப்பதாக அவர்கள் சொல்லும் அந்நியபாஷை, கற்காத மொழி, எனக்கு வரவில்லை. போன மாதம், அந்த வரத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் காத்திருப்புக் கூட்டத்தில் என்னை முன்னால் முழங்கால்போட வைத்து, "அல்லேலூயான்னு வேகமா சொல்லிக்கிட்டே இருங்க, நாக்கை ஆவியானவர்கிட்ட விட்டுடுங்க" என்றார்கள். ராத்திரி பதினொரு மணி வரை சொன்னேன். வாய் வறண்டதுதான் மிச்சம். உள்ளே ஏதோ பாவம் தடுக்கிறது என்றார் பாஸ்டர். என் அப்பாவோ, இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காக்காரன் ஆரம்பித்த கூத்து என்கிறார். வீட்டுக்கு வந்ததும் மகள், "அம்மா, உனக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டாள். நான் யாரை நம்புவது?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அப்பா சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 1901-இல் டொபீகாவிலும், 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசுசா தெருவிலும் இது பெரிதாகக் கிளம்பியது உண்மைதான். ஆனால் அதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1860-இல், நம் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் நடத்திய சபைகளில் ஜனங்கள் அந்நியபாஷையில் துதித்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அதனால் அமெரிக்கச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது.

கூத்து என்ற சொல்லும் எனக்கு வலிக்கிறது. என் ஆச்சி விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படி மூலையில், நெற்றியைச் சுவரில் வைத்து ஜெபிப்பாள். தமிழில்தான் தொடங்குவாள். செத்துப்போன மகன் பெயர் வரும் இடத்தில் தமிழ் நின்றுபோகும். அப்புறம் வருவது யாருக்கும் புரியாது. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைப்பாள். அதை நடிப்பு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே ஆச்சி எங்களில் யாரிடமும், உனக்கு ஏன் பாஷை வரவில்லை என்று கேட்டதில்லை.

இனி பாஸ்டர். அவர் உங்களுக்குச் செய்தது அநியாயம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறார்களா என்று கேட்கிறார். இல்லை என்பதுதான் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும் பதில். உங்கள் எல்லாரையும்விட நான் அதிகமாக அந்நியபாஷை பேசுகிறேன் என்று சொன்ன அதே பவுல், சபையில் புரியாத பதினாயிரம் வார்த்தையைவிடப் புரியும் ஐந்து வார்த்தை மேல் என்கிறார். அந்நியபாஷை பேசுவதைத் தடைபண்ணாதீர்கள் என்றும் சொல்கிறார். இதையெல்லாம் சேர்த்துத்தானே வாசிக்க வேண்டும்?

அசுசா தெருவில் அபிஷேகம் பெற்ற கார் (Garr) என்ற அமெரிக்கத் தம்பதியர், கணவருக்கு வங்காள மொழியே அருளப்பட்டது என்று நம்பி 1907 வாக்கில் கல்கத்தா வந்தார்கள். அங்கே அவர்கள் பேசியது யாருக்கும் புரியவில்லை. அவர்கள் விசுவாசத்தை விடவில்லை. அது பிரசங்கத்துக்கான மொழியல்ல, ஜெபத்துக்கானது என்று தங்கள் எண்ணத்தைத் திருத்திக்கொண்டார்கள். அதே காலத்தில் புனே பக்கம் கேட்காவ் என்ற ஊரில், பண்டித ரமாபாய் ஆதரவற்ற பெண்களுக்காக நடத்திய முக்தி மிஷன் இல்லத்துப் பெண்களும் பாஷை பேசினார்கள். ரமாபாய் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அது ஒன்றுதான் ஆவியின் அடையாளம் என்பதை அவர் ஏற்கவும் இல்லை.

வரம் என்றால் கொடுக்கப்படுவது. வாய் வறள வறள வரவழைக்க வேண்டியதை எப்படி வரம் என்பது? அடுத்த காத்திருப்புக் கூட்டத்துக்குப் போக மனமில்லையென்றால் போகாதீர்கள். அதைக் கணவரிடம் பயப்படாமல் சொல்லுங்கள். கொரிந்தியருக்கு எழுதிய அந்த முதல் நிருபத்தின் 12 முதல் 14 வரை மூன்று அதிகாரங்களை இருவரும் ஒரே மூச்சில் வாசியுங்கள். நடுவில் இருப்பது அன்பைப் பற்றிய அதிகாரம்.

மகளுக்கு இன்று ராத்திரியே பதில் சொல்லிவிடுங்கள். "அம்மா தமிழ்ல பேசுறேன், அவருக்குக் கேட்குது."

அன்புடன்,
அக்கா