முருங்கைக்காய் விலை சொன்ன ஒரு தொலைபேசி அழைப்பு

கேள்வி: உங்கள் வாழ்க்கையில் பெருமையாக நினைக்கும் தனிப்பட்ட சாதனை எது? நேர்மறை மனநிலைக்கு அதில் எவ்வளவு பங்கு?

கொச்சியில் இருக்கும் ஒரு காய்கறி வியாபாரிக்குத் தொலைபேசியில் முருங்கைக்காய் விலை சொன்னேன். என் சாதனை இதுதான்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இளவயதிலிருந்து நாள்தோறும் செய்துவந்த வேலைதான் அது. இடையில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டு பேச்சு போய்விட்டது. அதே வேலையை மறுபடியும் செய்ய ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. இந்தப் பதிலையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். வாக்கியத்தை ஒட்டித் தைப்பது அவள் வேலை. கருத்தில் கை வைத்தால் மேசையைத் தட்டுவேன்.

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் எங்களுக்குக் கமிஷன் கடை. சுற்று வட்டாரத்து விவசாயிகள் கொண்டுவரும் தக்காளி, முருங்கை, கத்தரி, அவரை எல்லாவற்றையும் ஏலம் விட்டு விற்றுக்கொடுப்போம். சரக்கில் பெரும்பங்கு கேரளாவுக்குப் போகும். இந்தத் தொழிலுக்கு முதல் என்றால் பணம்கூட அப்புறம்தான், வாய்தான் முதல். விவசாயியிடம் ஒரு பேச்சு, வியாபாரியிடம் ஒரு பேச்சு, லாரிக்காரரிடம் வேறு பேச்சு. மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

2018 டிசம்பரில் ஒரு நாள் கடையில் சிட்டை எழுதிக்கொண்டிருந்தபோது பேனா கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனேன், கை போகவில்லை. சுமை தூக்கும் தம்பி ஒருவர் என் வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் 108-ஐ அழைத்தார். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால், உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். அந்தத் தம்பியின் புண்ணியத்தில் எனக்கு நேரம் இருந்தது. கால் தப்பியது, வலது கை பாதி தப்பியது. பேச்சு தப்பவில்லை. படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும், வாய் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றையும் மறக்க வேண்டாம். திடீரென்று இவற்றில் ஒன்று வந்தாலும் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதற்கோ உள்ளங்கையைத் தேய்ப்பதற்கோ நேரம் கிடையாது.

பேச்சு போனது என்றால் குரல் போனதாகவோ காது மந்தமானதாகவோ பலர் நினைக்கிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கத்திப் பேசினார்கள். மீதிப் பேர் கைக்குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சினார்கள். எனக்குக் குரல் இருந்தது, காதும் இருந்தது, அறிவும் அப்படியே இருந்தது. தண்ணீர் வேண்டும் என்பது தெரியும். அந்தச் சொல் மட்டும் வராது. வாயைத் திறந்தால் 'அது, அது' என்று நின்றுவிடும். 'ஆமாம்' என்று சொல்ல நினைத்தால் 'இல்லை' வரும். சர்க்கரை நோயாளியான நான் அந்த நாட்களில் எத்தனை டம்ளர் சர்க்கரை போட்ட காபி குடித்தேன் என்பது எங்கள் வீட்டு ரகசியம்.

இதற்கு அஃபேசியா என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு மொழியை ஆளும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. உடம்பின் வலப்பக்கத்தை ஆள்வதும் இடப்பக்க மூளைதான். அதனால்தான் வலது கையும் பேச்சும் அடிக்கடி சேர்ந்தே போகின்றன. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே ஓசையைத்தான் அவர் பதிலாகச் சொல்வார். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வெளியே வரும். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடப்பக்க முன்பகுதியில் பழுது இருந்தது. என் மகள் இதைப் படித்துக் காட்டியபோது நான் சத்தமாகச் சிரித்தேன். ஏனென்றால் எனக்கும் அதேதான். தண்ணீர் கேட்க வராத வாயில், மருந்துச் சீட்டைத் தொலைத்த சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்ததும் மார்க்கெட் வசவு ஒன்று பிசிறில்லாமல் வந்தது. சம்பந்தி வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

வசவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், முதலில் வந்த முழுச் சொல் 'அரோகரா'.

எங்கள் வீடு திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலைக்குப் பக்கம். தைப்பூசம் நெருங்கினால் பாதயாத்திரைக் கூட்டம் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கும். 2019-இல் ஜனவரி 21 தைப்பூசம். அதற்குச் சில நாட்களுக்கு முன்னால் என்னை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மனைவி நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பச்சை வேட்டியில் ஒரு கூட்டம் வந்தது. முன்னால் போனவர் "வெற்றிவேல் முருகனுக்கு" என்றார். நானும் கூட்டத்தோடு சேர்ந்து "அரோகரா" என்றேன். மனைவி சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

தெருவே கூடிவிட்டது. முருகன் பேச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றார்கள். அடுத்த நிமிடமே "என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். பழையபடி 'அது, அது' தான். திண்டுக்கல்லில் எனக்குப் பயிற்சி கொடுத்த பேச்சு சிகிச்சை நிபுணர் இதை விளக்கினார். வாழ்நாள் முழுவதும் பழகிய கோஷம், பாட்டு, வசவு, ஒன்று இரண்டு மூன்று என்ற வரிசை இவையெல்லாம் நாமே யோசித்துக் கட்டும் பேச்சைப்போல அந்த ஒரு பகுதியை மட்டும் நம்பியிருப்பதில்லை. அதனால் இவை தப்பிவிடுவது உண்டு. மனைவி இன்றுவரை முருகன் என்கிறாள். நான் இரண்டு பேரிடமும் வாதாடவில்லை. வாதாடும் நிலையிலும் இல்லை.

தப்பிய அந்தச் சரக்கை வைத்துத்தான் வியாபாரம் தொடங்கியது. ராகம் போட்டுச் சொற்றொடரைச் சொல்லிக்கொண்டே இடது கையால் மேசையைத் தட்ட வேண்டும். 'தண்-ணீர் வே-ணும்.' ராகத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு பேச்சுக்கு வர வேண்டும். பாஸ்டனில் மூன்று பேர் 1973-இல் எழுதி வெளியிட்ட முறை இது என்று நிபுணர் சொன்னார். எல்லோருக்கும் பலிப்பதில்லை; எனக்கு ஓரளவு பலித்தது. ஒரு டம்ளர் தண்ணீருக்காக அம்பது வயசுக்கு மேல் மேசையைத் தட்டிப் பாடுவது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கேவலமாக இருந்தது. அதைச் சொல்லவும் வார்த்தை இல்லாததால் பாடினேன்.

சொற்கள் வந்த பிறகு ஒட்டுக்கள் வரவில்லை. 'நான் கடைக்குப் போகிறேன்' என்பது 'நான்... கடை... போ' என்று வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எண்கள்தான் என்னைக் கொன்றன. ஏழு என்று சொல்ல வேண்டுமானால் ஒன்றிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே போய் ஏழில் நிற்க வேண்டும். அவசரப்பட்டால் எட்டுக்குப் போய்விடும். 14 கிலோ தக்காளிப் பெட்டிக்கு 340 ரூபாய் என்றால் எங்கிருந்து எண்ணிக்கொண்டு வருவது? தொண்ணூறும் தொள்ளாயிரமும் இடம் மாறிக்கொள்ளும். ஆனால் மனக்கணக்கு அப்படியே இருந்தது. கணக்குப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த சிட்டையில் கூட்டல் பிசகியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவர் முகம் மாறியது. எனக்குள் ஆள் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு என்னிடம் கத்திப் பேசுவதை அவர் நிறுத்திவிட்டார்.

நேர்மறை மனநிலையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிளோடு அதையும் கொண்டுவந்தார்கள். "தைரியமாக இருங்கள், நல்லதையே நினையுங்கள், மனசுதான் எல்லாம்." அந்த ஆப்பிள் என்ன விலைக்கு வாங்கியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது. நல்லதையே நினைத்து நினைத்துப் பார்த்தேன். சொல் வரவில்லை. அப்படியானால் நான் நினைத்தது பத்தவில்லை, என் மனசில்தான் கோளாறு என்ற எண்ணம் வந்தது. நோயோடு அந்தப் பழியும் சேர்ந்துகொண்டது. யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது என்று பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினேன். ஆகவே என் நேர்மறை மனநிலையில் ஒரு பங்கு மாத்திரைக்குச் சேரும். இதை வெளியில் சொல்லக் கூடாது என்று வீட்டில் சிலர் நினைக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையைச் சொல்லலாம், இதைச் சொல்லக் கூடாதா?

மீதிப் பங்கு மார்க்கெட்டிலிருந்து வந்தது. காய்கறி வியாபாரிக்கு நம்பிக்கை, அவநம்பிக்கை இரண்டுக்கும் நேரம் இல்லை. வந்த சரக்கை வந்த அன்றைக்கே தள்ளியாக வேண்டும். விலை விழுந்தாலும் விற்க வேண்டும், நாளைக்கு அது குப்பை. நேற்றைய விலையை நினைத்து இன்றைக்கு ஒருவனும் கடையைச் சாத்த மாட்டான். பயிற்சியையும் அப்படியே வைத்துக்கொண்டேன். இன்றைக்கு வந்த சொற்களை வைத்து இன்றைக்கு எதையாவது நடத்துவது, அவ்வளவுதான். பால்காரரிடம் ஒன்று, பேரனிடம் ஒன்று. என் மகள் பழைய சிட்டைப் புத்தகத்தில் வந்த சொற்களை வரவு என்றும், பிடிவாதம் பிடித்தவற்றை நிலுவை என்றும் எழுதுவாள். வரவுப் பக்கம் நிரம்ப நிரம்பத்தான் மனசு நிமிர்ந்தது. நம்பிக்கை முதலில் வந்து காரியம் நடந்ததாக நான் பொய் சொல்ல மாட்டேன். காரியம் கொஞ்சம் நடந்தது, அதைப் பார்த்து நம்பிக்கை வந்து சேர்ந்துகொண்டது.

இன்னொரு பங்கு என் மனைவிக்கு. என் வாக்கியத்தை யாரும் முடித்து வைக்கக் கூடாது என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். நான் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்துக் கொடுப்பது உதவிபோலத் தெரியும். எனக்கு அது கையில் இருக்கும் சரக்கைப் பிடுங்குவது. அவள் உட்கார்ந்திருப்பாள், அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டாள். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் காத்திருங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள், அந்தப் பதிலையும் ஒரு தடவை சரிபாருங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதீர்கள். எல்லாம் காதில் விழுகிறது.

நேரில் பேசுவது ஓரளவு வந்த பிறகும் தொலைபேசியைத் தொடவில்லை. நேரில் முகம் இருக்கிறது, கை இருக்கிறது. எடைக்கல்லைக் காட்டலாம், விரலை மடக்கலாம். தொலைபேசியில் சொல் ஒன்றுதான். ஊரடங்கு நடந்துகொண்டிருந்த 2020-இல், ஒரு நாள் மகன் லோடு ஏற்றும் இடத்துக்குப் போயிருந்தான். கைபேசியை மேசையில் விட்டிருந்தான். அடித்தது. திரையில் அந்தக் கொச்சி வியாபாரியின் பெயர். என்னோடு பல காலம் வியாபாரம் செய்தவர், பேச்சு போன பிறகு என் குரலைக் கேட்காதவர். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

முருங்கை என்ன விலை என்று கேட்டார். விலை எனக்குத் தெரியும், காலையிலேயே ஏலத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். 38. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. இடது கையால் மேசையைத் தட்டினேன். "மு-ருங்-கை..." அந்தப் பக்கம் அமைதி. பிறகு அவர் சொன்னார்: "பதுக்கெ பறஞ்ஞால் மதி, சேட்டா." மெதுவாகச் சொன்னால் போதும் என்கிறார். மூன்று வரை எண்ணினேன், "மூன்று" என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி எட்டுக்கு வந்தேன், "எட்டு" என்றேன். "முப்பத்தியெட்டோ?" என்றார். "ஆமாம்." இந்தத் தடவை ஆமாம் என்பதற்கு ஆமாம்தான் வந்தது. எவ்வளவு சரக்கு என்றார், அதையும் சொன்னேன். வண்டி எப்போது கிளம்பும் என்றார். "மகன்... வருவான்... சொல்வான்" என்றேன். மூன்று சொல்லுக்கும் விகுதி ஒழுங்காக இருந்தது என்று மகள் இப்போது எழுதும்போது கண்டுபிடித்துச் சொல்கிறாள். எனக்கு அப்போது தெரியாது. சட்டை முழுவதும் வேர்வையில் நனைந்திருந்தது. சிட்டையை இழுத்து, பழகாத இடது கையால் அந்த லோடை எழுதினேன்.

மகன் வந்து பார்த்துவிட்டு "யார் எழுதியது?" என்று கேட்டான். நான் கைபேசியைக் காட்டினேன். அவன் உடனே கொச்சிக்காரருக்குப் போன் போட்டு விலை சரிதானா என்று கேட்டுக்கொண்டான். கமிஷன் கடைக்காரன் பிள்ளை, சரிபார்க்காமல் விட மாட்டான். எனக்கு அதில் கோபம் இல்லை, பெருமைதான்.

ஏலம் விடுவது இன்னும் கைகூடவில்லை. கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தொடர முடியாது. ஏலத்தை மகன்தான் விடுகிறான். முருங்கைக்கு அவன் காட்டும் அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம் இழுத்தால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை அவனிடம் சொல்லத் தொடங்குகிறேன். நான் முடிப்பதற்குள் அவன் அடுத்த குவியலையும் விற்றுவிடுகிறான்.